வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மென்பொருளை இயக்குவது: எது ஓடும், எது ஓடாது, ஏன்?

சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டத் தொடங்கியதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பாரத்தை அதற்கு மாற்றிவிடலாம் என்பதுதான். படங்களும் பாடல்களும் சிக்கலின்றி இடம் மாறிவிடும். ஆனால் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலிருந்து ஒரு மென்பொருளை அப்படியே வெட்டி ஒட்டினால் கதை வேறு. ஒன்று திறக்கவே திறக்காது. இன்னொன்று பாதி திறந்து, ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும். மூன்றாவது எதுவுமே நடக்காததுபோல் ஓடும்.

வெளி டிஸ்க்கிலிருந்து மென்பொருளை ஓட்டலாமா என்ற கேள்விக்குத் 'தாராளமாக' என்றும் 'கூடவே கூடாது' என்றும் இரண்டு பதில்கள் உலவுவது இதனால்தான். உண்மையில் அதற்குள் மூன்று தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மென்பொருள் இடம் மாறச் சம்மதிக்குமா? மாறினால் வேகம் என்னாகும்? ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் விலகினால் என்ன நடக்கும்? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

மென்பொருள் ஓடுவது டிஸ்க்கில் அல்ல

டிஸ்க்கில் கிடக்கும் கட்டளைகளை புராசஸரால் நேரடியாக நிறைவேற்ற முடியாது. உள்ளே பொருத்திய டிஸ்க்கானாலும் கேபிளில் தொங்கும் டிஸ்க்கானாலும், கட்டளைகள் முதலில் ரேமுக்கு வந்தாக வேண்டும். ஆகவே, கொள்கையளவில், கோப்பு எந்தப் பெட்டியில் இருந்து வந்தது என்பது புராசஸருக்குப் பொருட்டே இல்லை. 'ஓடும்' என்பவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதை வைத்து, 'ஒரு தடவை ரேமில் ஏறிவிட்டால் பிறகு டிஸ்க்குக்கு வேலையில்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என எந்த இயங்குதளமும் ஒரு மென்பொருளை முழுதாக ரேமில் ஏற்றுவதில்லை. கோப்பைச் சிறு பக்கங்களாகப் பிரித்து (பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட்), எந்தப் பக்கம் தேவைப்படுகிறதோ அதை அப்போது மட்டும் எடுத்து வருகின்றன. ஒரு மணி நேரமாகத் திறந்திருக்கும் மென்பொருளில், இதுவரை தொடாத ஒரு மெனுவை இப்போதுதான் சொடுக்குகிறீர்கள் என்றால், அதற்கான கட்டளைகள் அந்தக் கணத்தில்தான் டிஸ்க்கிலிருந்து வருகின்றன.

இன்னொன்றும் உண்டு. ரேமில் இடம் நெருக்கடியானால், மென்பொருளின் கட்டளைப் பக்கங்களை இயங்குதளம் தயங்காமல் தூக்கி எறியும். அவற்றை வேறெங்கும் எழுதிவைக்க வேண்டியதில்லை. மூலப் பிரதிதான் டிஸ்க்கில் இருக்கிறதே, வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த மூலப் பிரதி ஒரு யு.எஸ்.பி. கேபிளின் மறுமுனையில் இருந்தாலும் கணக்கு மாறுவதில்லை. ரேம் குறைவான கணினியில் வெளி டிஸ்க் மென்பொருள்கள் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்ஸ்டால் செய்யும்போது வேர் எங்கெல்லாம் போகிறது

இனி முதல் கேள்வி. விண்டோஸில் ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்வது என்றால் ஒரு ஃபோல்டரைப் பிரதி எடுப்பது மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர் ஒன்றுதான்; அதற்கு வெளியே கணினி முழுவதும் அதன் தடங்கள் பரவுகின்றன:

1. ரெஜிஸ்ட்ரி. மென்பொருள் எந்த முகவரியில் இருக்கிறது, எந்த வகைக் கோப்பைச் சொடுக்கினால் அது திறக்க வேண்டும், உரிமம் செல்லுமா போன்றவை எல்லாம் விண்டோஸின் இந்த மையப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. முகவரி சி டிரைவ் என்று எழுதப்பட்டபின் ஃபோல்டரை மட்டும் நகர்த்தினால், பதிவேடு பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும்.

2. ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா ஃபோல்டர்கள். அமைப்புகள், தற்காலிகக் கோப்புகள், கேஷ் எல்லாம் இங்கேதான் சேர்கின்றன. இவை சி டிரைவில் இருப்பவை.

3. பொது நூலகக் கோப்புகள். விஷுவல் சி++ ரன்டைம் போன்ற, பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் டி.எல்.எல். கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போகின்றன. வேறு கணினியில் டிஸ்க்கைச் செருகியதும் 'இந்த டி.எல்.எல். காணவில்லை' என்று வரும் செய்தி பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

4. சர்வீஸ்களும் டிரைவர்களும். கணினி துவங்கும்போதே பின்னணியில் எழ வேண்டியவை இவை. அந்த நேரத்தில் வெளி டிஸ்க் இன்னும் தயாராகவில்லை என்றால் சர்வீஸ் தோற்றுப்போகும். அதை நம்பியிருக்கும் மென்பொருளும் கூடவே படுத்துவிடும்.

'இன்ஸ்டால் செய்யும்போதே இ டிரைவைத்தான் தேர்ந்தெடுத்தேன், பிறகும் ஏன் சி டிரைவ் குறைகிறது?' என்ற குழப்பத்துக்கும் பதில் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. நாம் தேர்ந்தெடுப்பது முதன்மை ஃபோல்டரின் இடத்தை மட்டும். போதாக்குறைக்கு, எம்.எஸ்.ஐ. வகை இன்ஸ்டாலர் பின்னாளில் பழுதுபார்க்கவும் நீக்கவும் தேவைப்படும் என்று தன் பிரதியை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்ற மறைவான ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. சி டிரைவில் இடம் போகத்தான் செய்யும், குறைவாகப் போகும், அவ்வளவே.

எனவே வெட்டி ஒட்டுவதை மறந்துவிடலாம். மென்பொருளை முறைப்படி நீக்கிவிட்டு, வெளி டிஸ்க்கைச் செருகிய நிலையில், அங்கே புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் ஒழுங்கான வழி. அப்படிச் செய்த மென்பொருளும் அந்த ஒரு கணினியில்தான் ஓடும். டிஸ்க் வேறு கணினிக்குப் போகலாம், ரெஜிஸ்ட்ரி போகாது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவுக்குத் திருப்பிவிடும் ரெஜிஸ்ட்ரி வித்தைகளும் சுற்றில் இருக்கின்றன. அதை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அப்டேட் வரும் நாளில் அதன் வினை தெரியும்.

மேக் கணினியில் நிலைமை இலகு. அங்கே பெரும்பாலான மென்பொருள்கள் தமக்கு வேண்டியவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருகின்றன. வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டாலும் திறக்கும். அமைப்புகள் மட்டும் பயனரின் லைப்ரரி ஃபோல்டரில் தங்கிவிடும். மேக் ஓ.எஸ். 15.1 முதல் ஆப் ஸ்டோரிலேயே, பெரிய மென்பொருள்களை வேறு டிஸ்க்கில் இறக்கும் வசதி வந்துவிட்டது.

வேர் இல்லாத மென்பொருள்கள்

சொந்த ஃபோல்டருக்கு வெளியே எதையும் எழுதாமல், எந்தக் கணினியில் செருகினாலும் அங்கிருந்தே ஓடும்படி அமைத்தவற்றைப் போர்ட்டபிள் மென்பொருள் என்கிறோம். 2004இல் ஜான் ஹாலர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸை இப்படி மாற்றி அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற தொகுப்பு. லிப்ரேஆஃபீஸ், வி.எல்.சி., ஜிம்ப் போன்றவற்றின் போர்ட்டபிள் வடிவங்கள் அதில் கிடைக்கின்றன. லினக்ஸில் ஆப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவம் இதே வேலையைச் செய்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் தெளிவாகப் பார்க்கலாம். விண்டோஸுக்கான அதன் ஜிப் பிரதியைப் பிரித்து, அந்த ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்ற பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட்டு ஒரு வெற்று ஃபோல்டர் உருவாக்கினால் போதும். மென்பொருள் திறக்கும்போது அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அமைப்புகள், நீட்சிகள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதுகிறது. இல்லாவிட்டால் வழக்கம்போல சி டிரைவுக்குப் போகிறது. ஒரு வெற்று ஃபோல்டர் வைத்தால் போர்ட்டபிள், எடுத்தால் சாதாரணம்.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக வரும் கணினி விளையாட்டுகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. வெளி டிஸ்க்கில் ஒரு ஸ்டீம் லைப்ரரியை உருவாக்கி, விளையாட்டை அங்கே நகர்த்தச் சொன்னால், முகவரி மாற்றத்தை ஸ்டீமே பார்த்துக்கொள்கிறது. அந்த டிஸ்க்கை இன்னொரு கணினியில் செருகி ஸ்டீமுக்குக் காட்டினாலும் அடையாளம் கண்டுகொள்ளும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரும் வேறு டிரைவில் இன்ஸ்டால் செய்ய விடுகிறது. ஆனால் அப்படி வைத்ததை வேறு கணினியில் ஓட்ட விடுவதில்லை.

வேகம்: பெட்டியில் அச்சிட்ட எண் ஏன் உதவாது

டிஸ்க்கின் அட்டைப் பெட்டியில் '5 ஜிகாபிட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது கேபிளின் வேகம். டிஸ்க்கின் வேகம் அல்ல. 480 மெகாபிட் (8 பிட் ஒரு பைட்) என்ற யு.எஸ்.பி. 2.0 நடைமுறையில் நொடிக்கு 35 முதல் 40 மெகாபைட் தரும். 2008இல் வந்த யு.எஸ்.பி. 3.0 சுமார் 400 மெகாபைட் தாங்கும். (இதே 5 ஜிகாபிட் வேகத்துக்கு யு.எஸ்.பி. 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று பின்னர் இருமுறை பெயர் சூட்டினார்கள். புதிய பெயரைப் பார்த்துப் புதிய வேகம் என்று நம்பி வாங்கினவர்களைக் குறை சொல்ல முடியாது.) சுழலும் தட்டு கொண்ட கையடக்க ஹார்ட் டிஸ்க்கோ தொடர்ச்சியாகப் படிக்கும்போதே நொடிக்கு 100 முதல் 140 மெகாபைட் அளவில் நின்றுவிடுகிறது.

ஆனாலும் மென்பொருளைப் பொறுத்தவரை அந்த 140ம் கிடைக்காது. ஒரு சினிமாக் கோப்பைப் படிப்பது நீண்ட, நேரான வேலை. மென்பொருள் திறப்பதோ அப்படியல்ல. டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பது. இதற்கான கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

1. கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்பவை. அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி.

2. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனையே சரியான வட்டத்துக்கு நகர சுமார் 12 மில்லிநொடி.

3. ஆக ஒரு சிறு வாசிப்புக்கு 17, 18 மில்லிநொடி. நொடிக்கு 60ஐத் தாண்டாது. ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் நொடிக்குக் கிடைப்பது கால் மெகாபைட் கூட இல்லை.

4. ஒரு பெரிய மென்பொருள் திறக்க 2,000 சிதறிய வாசிப்புகள் தேவை என்று வைத்துக்கொண்டால், அரை நிமிடத்துக்கு மேல். சுழலும் தட்டே இல்லாத, சிப்புகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் ஒரு வாசிப்பு 0.1 மில்லிநொடி அளவு. அதே 2,000 வாசிப்பும் கால் நொடிக்குள் முடிந்துவிடும்.

நடைமுறையில் இயங்குதளம் முன்கூட்டியே சிலவற்றைப் படித்து வைப்பதால் எண்கள் இவ்வளவு மோசமாக இராது. விகிதம் மட்டும் இப்படித்தான் இருக்கும். 140 மெகாபைட்டுக்கும் கால் மெகாபைட்டுக்கும் நடுவிலுள்ள இந்தப் பள்ளத்தை எந்தக் கேபிளாலும் நிரப்ப முடியாது. சுழலும் டிஸ்க்குக்கு இன்னும் வேகமான யு.எஸ்.பி. போர்ட் தேடுவது வீண் வேலை. செலவு செய்வதாக இருந்தால் வெளி எஸ்.எஸ்.டி.க்குச் செய்யலாம்.

ஒருமுறை மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் மென்பொருள் சட்டென்று வருகிறதே என்று தோன்றலாம். முதல் தடவை படித்த பக்கங்களை இயங்குதளம் ரேமில் வைத்திருப்பதால் வரும் வேகம் அது. கேபிளைக் கழற்றினாலோ கணினியை மறுதொடக்கம் செய்தாலோ போய்விடும்.

நடுநடுவே திரை சில நொடிகள் உறைந்து, பிறகு தானாகச் சரியாவதும் உண்டு. சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் மின்சாரம் மிச்சப்படுத்த டிஸ்க் சுழல்வதை நிறுத்திக்கொள்ளும். மென்பொருள் ஏதோ கேட்கும்போது மறுபடி முழு வேகத்துக்குச் சுழல அவகாசம் எடுக்கும். மடிக்கணினியின் பவர் அமைப்புகளில் இதற்கான நேரத்தை மாற்றலாம்.

எஸ்.எஸ்.டி. வாங்குகிறவர்கள் யு.ஏ.எஸ்.பி. என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பழைய யு.எஸ்.பி. சேமிப்பு முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்ததை அனுப்ப முடியும், யு.ஏ.எஸ்.பி.யில் பலவற்றை வரிசையில் நிறுத்தலாம். சிதறிய வாசிப்புகளில் அது நன்றாகவே உதவும். டைப்-சி முனையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வடிவத்தின் பெயர்தான், உள்ளே யு.எஸ்.பி. 2.0 மட்டுமே இருக்கும் டைப்-சி போர்ட்டுகளும் உண்டு.

டிரைவ் எழுத்தும் ஃபார்மேட்டும்

இவை இரண்டும் சின்ன விஷயங்கள். ஆனால் 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்ற புகார்களில் பெரும்பங்கு இவற்றுடையது.

நேற்று இ டிரைவாக இருந்த டிஸ்க், இன்று வேறொரு பென் டிரைவ் முந்திக்கொண்டதால் எஃப் ஆகிவிடலாம். ஷார்ட்கட், ரெஜிஸ்ட்ரி எல்லாம் இ என்றே தேடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்குக்கு அகரவரிசையின் பின்பகுதியில் உள்ள ஓர் எழுத்தை நாமே கொடுத்துவிட்டால் அந்தக் கணினி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இன்னொரு கணினிக்கு அது தெரியாது.

ஃபார்மேட் விஷயத்தில், ஃபேட்32 ஒரு கோப்பை 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளர விடாது; பெரிய விளையாட்டுகளும் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கோப்புகளும் அங்கேயே அடிபட்டுவிடும். எக்ஸ்ஃபேட் விண்டோஸிலும் மேக்கிலும் படிக்கும் என்பதால் பல டிஸ்க்குகள் அதிலேயே வருகின்றன. ஆனால் யாருக்கு என்ன அனுமதி என்ற விவரத்தை அது கோப்புவாரியாக வைத்துக்கொள்வதில்லை. எழுதும்போது இணைப்பு அறுந்தால் மீட்க உதவும் ஜர்னலும் அதில் இல்லை. கோப்புகளைச் சுமக்க அது போதும். மென்பொருளை ஓட்ட விண்டோஸில் என்.டி.எஃப்.எஸ்., மேக்கில் ஏ.பி.எஃப்.எஸ்., லினக்ஸில் எக்ஸ்ட்4 என அந்தந்த ஊர்க்காரரையே வைத்துக்கொள்வது நல்லது.

ஓடும்போது கேபிள் பிடுங்கப்பட்டால்

பக்கம் பக்கமாகக் கொண்டுவரும் முறையின் விலை இங்கேதான் தெரிகிறது. கேபிள் கழன்ற அந்தக் கணமே மென்பொருள் விழுந்துவிடாது. ரேமில் இருக்கும் பக்கங்களை வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் கூட ஒன்றும் அறியாததுபோல் ஓடும். பிறகு இல்லாத ஒரு பக்கம் தேவைப்படும், விண்டோஸ் டிஸ்க்கைத் தேடும், கிடைக்காது. 'இன்-பேஜ் எரர்' என்ற பிழையுடன் மென்பொருள் மூடிக்கொள்ளும். சேமிக்காத வேலை போயிற்று. கேபிள் கழன்றதற்கும் மென்பொருள் விழுந்ததற்கும் நடுவே நேரம் போய்விடுவதால், பலர் பழியை மென்பொருளின் மேல் போடுகிறார்கள்.

இந்த ஆபத்து விண்டோஸை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. விண்டோஸ் மென்பொருளின் கட்டளைகள் அடங்கிய .எக்ஸ்.இ. கோப்பின் தலைப்பகுதியில், 'நான் கழற்றக்கூடிய டிஸ்க்கில் இருந்தால் என்னை முழுதாக ஸ்வாப் கோப்புக்கு (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) பிரதி எடுத்து அங்கிருந்து ஓட்டு' என்று சொல்லும் ஒரு கொடி (அடையாளக் குறி) இருக்கிறது. மென்பொருளை உருவாக்குபவர் அதை நினைவாக இயக்க வேண்டும். சாதாரண மென்பொருள்களில் அதைப் பார்ப்பது அரிது.

இயங்குதளத்தையே யு.எஸ்.பி. டிஸ்க்கிலிருந்து ஓட்டும் 'விண்டோஸ் டு கோ' என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2012இல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸுடன் கொண்டுவந்தபோது, இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. டிஸ்க் பிடுங்கப்பட்டால் கணினி அப்படியே உறைந்து 60 நொடி காத்திருக்கும். அதற்குள் மறுபடி செருகினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். அந்த வசதியை 2020இல் விண்டோஸ் 10இன் '2004' என்ற எண் கொண்ட பதிப்போடு நீக்கிவிட்டார்கள். சாதாரண மென்பொருளுக்கு அந்த 60 நொடி அவகாசம் எப்போதுமே கிடையாது.

பிடுங்காமலே இணைப்பு அறுவதும் உண்டு. யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியர் மின்சாரம் தர வேண்டியவை. தனி மின்இணைப்பு இல்லாத ஒரு ஹப்பில் டிஸ்க், மவுஸ், வெப்கேம் எல்லாவற்றையும் மாட்டினால் பங்கு போதாமல் டிஸ்க் ஒரு கணம் விழுந்து எழும். கோப்புப் பிரதியெடுப்பில் இது ஒரு சின்னத் தடங்கல். ஓடும் மென்பொருளுக்கு இதுவே பிடுங்கல்தான்.

கன்சோல்கள் எடுத்த முடிவு

வெளி டிஸ்க்கின் எல்லை எது என்பதற்கு விளையாட்டுக் கன்சோல்கள் நல்ல சான்று. ப்ளேஸ்டேஷன் 4 விளையாட்டுகள் யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேரடியாக ஓடும். ப்ளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளை 2021 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு யு.எஸ்.பி. டிஸ்க்கில் சேமித்து வைக்கலாம். அங்கிருந்து ஆட முடியாது, உள்ளே மாற்றித்தான் ஆட வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் தன் தலைமுறைக்கென்று உருவான விளையாட்டுகளுக்கு இதே விதியைத்தான் வைத்திருக்கிறது. ப்ளேஸ்டேஷன் 5இன் உள் எஸ்.எஸ்.டி. நொடிக்கு 5.5 ஜிகாபைட் படிக்கக்கூடியது. விளையாட்டின் அடுத்த காட்சி அந்த வேகத்தில் வந்துவிடும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல், 10 ஜிகாபிட் யு.எஸ்.பி.யில் அதிகபட்சம் கிடைக்கும் நொடிக்கு 1 ஜிகாபைட் வேகத்தில் மூச்சுத் திணறும். கணினியில் அப்படி ஒரு தடையை யாரும் போடவில்லை. அதனால் பயனரே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எதை வெளியே அனுப்புவது

1. முதலில் தரவு. சி டிரைவை விழுங்கியது மென்பொருள்தானா என்று சேமிப்பக அமைப்புகளில் பார்க்க வேண்டும். பல நேரங்களில் இடத்தைப் பிடித்திருப்பது வீடியோ, பழைய இன்ஸ்டாலர்கள், டவுன்லோட் குப்பைகள். இசை மென்பொருளின் ஒலி நூலகங்கள், வீடியோ எடிட்டரின் மூலக் காட்சிகள் போன்றவற்றை வெளியே வைத்து, மென்பொருளை உள்ளேயே விட்டுவிட்டால் பெரும்பாலோருக்குப் பிரச்சினையே தீர்ந்துவிடும்.

2. அடுத்து போர்ட்டபிள் மென்பொருள்கள், ஸ்டீம் விளையாட்டுகள், விர்ச்சுவல் மெஷின்கள். இவை தமக்கு வேண்டியதைத் தம்மோடு வைத்திருப்பவை. எஸ்.எஸ்.டி.யில் வைத்தால் உள் டிஸ்க்குக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் தெரியாது. விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது மட்டும் கேபிள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பிடுங்கினால் அதற்குள் இருக்கும் இயங்குதளத்துக்கு அது மின்வெட்டுக்குச் சமம்.

3. அரிதாகத் திறக்கும் பெரிய மென்பொருள்கள். இவற்றைப் புதிதாக வெளி டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யலாம், அந்தக் கணினியில் மட்டுமே ஓடும் என்ற புரிதலோடு.

4. ஆன்டிவைரஸ், வி.பி.என்., பிரின்டர் மென்பொருள், கணினி துவங்கும்போதே எழும் எதுவும் உள்ளேயே இருக்கட்டும். அலுவலக வேலைக்கு நாள் முழுதும் திறந்திருக்கும் மென்பொருளையும் கேபிளின் தயவில் விடுவது புத்திசாலித்தனம் அல்ல.

5. கழற்றும்போது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு 'விரைவாகக் கழற்றும்' முறையே இயல்பானது. எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் உடனே எழுதிவிடும். எனவே சும்மா செருகி வைத்த டிஸ்க்கை எடுப்பதில் பெரிய அபாயம் இல்லை. மென்பொருள் ஓடும் டிஸ்க்குக்கு இது பொருந்தாது. மென்பொருளை மூடிவிட்டு 'வெளியேற்று' கொடுக்க வேண்டும். 'டிரைவ் பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்தால், சாளரம் மூடிய பிறகும் ஏதோ ஒன்று பின்னணியில் ஓடுகிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் பெயரோடு தெரியும்.

6. பிறர் கணினியில் செருகும் டிஸ்க் வைரஸைச் சுமந்து திரும்பலாம். 2008இல் பரவிய கான்ஃபிக்கர் யு.எஸ்.பி. டிஸ்க்குகளின் ஆட்டோரன் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. அதன்பின் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை யு.எஸ்.பி. டிஸ்க்குகளுக்கு முடக்கியது. தானாக ஓடுவது நின்றதே தவிர, டிஸ்க்கில் இருக்கும் .எக்ஸ்.இ. கோப்புகளில் தொற்றுவது நிற்கவில்லை. போர்ட்டபிள் மென்பொருள் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் .எக்ஸ்.இ. கோப்புகள்தாம், வீடு திரும்பியதும் ஸ்கேன் செய்தபிறகே எதையும் திறக்க வேண்டும். அமைப்புகளும் கடவுச்சொற்களும் அந்த டிஸ்க்கிலேயே இருப்பதால், தொலைந்துபோகும் நாளை நினைத்துப் பிட்லாக்கர் போன்ற பூட்டு ஒன்றும், உள் டிஸ்க்கில் அந்த ஃபோல்டரின் நகல் ஒன்றும் வேண்டும்.